கவிநிலாவின் கழுத்து

ஈஸ்வரன் கோயில் வீதி,
புதுச்சேரி.
14 மே 2025

செல்விக்கு,

நேற்று மாலை நான் பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நீ வந்து கவிநிலாவை அழைத்துக்கொண்டு போயிருக்கிறாய். வேலைக்கு வரும் சுமலதாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். என் தம்பியின் மனைவி என் வீட்டுக்கு வந்து, நான் வரும்வரை உட்கார முடியாமல் போனது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கோடை விடுமுறை முடியும்வரை பெண் அக்காவிடம் இருக்கட்டும் என்று புருஷோத்தமன்தான் கொண்டுவந்து விட்டான். போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காதவர்களுக்கு மறுபடி மறுபடி செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

கவிநிலாவைக் குழந்தைகள் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். உன்னைக் கேட்காமல் போனது உண்மை. கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய் என்பதும் உண்மை. பத்து வயதுப் பெண் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்து, பேச மூச்சில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் நான் வேறு என்ன செய்ய வேண்டும்?

ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். சர்க்கரை இன்னும் நோயாகவில்லை, ஆனால் அதற்கு மிக அருகில் வந்துவிட்டது. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. அது குடிகாரர்களுக்கு வருவது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரும், அங்கே உணவு ஆலோசகராக இருக்கும் நிர்மலா என்ற பெண்ணும், வரும் சனிக்கிழமை தாய் தகப்பன் இருவரும் குழந்தையோடு வர வேண்டும் என்று சொன்னார்கள். அதுவரை பாக்கெட் மாம்பழச் சாறு, பள்ளிக்கூட வாசல் பப்ஸ், தம்பி வேலை முடிந்து வாங்கிவரும் போண்டா எதுவும் வேண்டாம். நான் படித்த பிரெஞ்சு கான்வென்ட்டில் இந்த உணவுக் கட்டுப்பாட்டுக்கு ரெஜிம் என்று பெயர். அது தண்டனை அல்ல, ஒழுங்கு.

அமுதவல்லி


நெல்லித்தோப்பு
17 மே 2025

அண்ணிக்கு வணக்கம்.

போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்கள் திருத்திவிடுவீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன். பேனா எதுவும் எழுதவில்லை, பென்சிலில்தான் எழுதுகிறேன். இவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுப்பார்.

ஏன் உட்காரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வந்தபோது கவிநிலா அந்த வெயிலிலும் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். பின்கழுத்தில் தோல் உரிந்து, ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். துப்பட்டாவை மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னாள். "அழுக்கு போவலன்னு அத்த பீர்க்கங்கா நாரு வெச்சி தேய்ச்சாங்க. நான் அசையாமத்தான் நின்னேன்."

அசையாமல் நின்றதை, உங்களிடம் நல்ல பெயர் வாங்கிய மாதிரி சொன்னாள் அண்ணி. உங்கள் கடிதத்தில் கல்லீரல் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. கழுத்து மட்டும் இல்லை.

தினமும் காலையில் எடை மிஷினில் ஏற்றி நிறுத்தி, பாத்திரம் தேய்க்கும் சுமலதாவுக்குக் கேட்கும்படி படித்தீர்களாம். கவிநிலா அரை இட்லியில் கையைக் கழுவிவிட்டு, நீங்கள் பூஜை அறையில் இருக்கும்போது சர்க்கரை டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருக்கிறாள். இதையும் அவளே சொன்னாள். என் பிள்ளை இதுவரை எதையும் திருடித் தின்றதில்லை.

என் அப்பா மில் தொழிலாளி என்பது உங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்பட்ட விஷயம். மில்லைக் கதவடைத்தபோது எனக்குக் கவிநிலா வயசு. அடுப்பில் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருவோம். அதற்கப்புறம் கல்யாணமாகி, பிள்ளை இல்லை என்று எல்லோரிடமும் பேச்சு வாங்கி, கடைசியில் பிறந்தவள் இவள். அவள் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்றைக்குத்தான் நீங்கள் சொன்ன சனிக்கிழமை. நாங்கள் போகவில்லை. "அங்க அத்தயும் வருவாங்களா" என்று கேட்கிறாள். இனியும் போகமாட்டோம்.

செந்தமிழ்ச்செல்வி


புதுச்சேரி
22 மே 2025

செல்விக்கு,

பெரியவர்களுக்குப் பென்சிலில் எழுதுவது மரியாதை இல்லை. ஆனாலும் முழுவதும் படித்தேன்.

கழுத்தை நான்தான் தேய்த்தேன். உனக்கு எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாததும் மறைத்ததும் ஒன்றே என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். எங்கள் கான்வென்ட்டில் மதர் எங்களை வரிசையாக நிறுத்திக் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் பார்ப்பார். அழுக்கு இருந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். கவிநிலாவின் கழுத்தில் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்ததும், நீ பெண்ணைச் சரியாகக் குளிப்பாட்டுவதில்லை என்றுதான் நினைத்தேன். முதலில் பயத்தமாவு போட்டேன். போகாததால் நார் எடுத்தேன்.

டாக்டர் அவள் கழுத்தைப் பார்த்ததும், இதை யார் இப்படித் தேய்த்தது என்று கேட்டார். நான் என்றேன். "இது அழுக்கு இல்லம்மா. உடம்புல இன்சுலின் அதிகமா சுரந்தா தோலு இப்படித் தடிச்சிக் கறுக்கும். எவ்ளோ தேய்ச்சாலும் போவாது. உள்ள சரியானா தானா வெளுக்கும்" என்றார். குழந்தை எதிரிலேயே சொன்னார். கவிநிலா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அன்று முதல் நான் அவள் கழுத்தைத் தொடவில்லை.

நிர்மலாவும் அவள் பங்குக்கு என்னைக் கண்டித்தாள். என் வயதில் பாதிகூட இல்லாதவள். எடை மிஷினைப் பரண்மேல் போடச் சொன்னாள். குழந்தைக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால் அது தண்டனைதான், வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாடு சாப்பிட வேண்டும், எல்லோரும் நடக்க வேண்டும் என்றாள். இந்த வயதில் பாடம் கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை. மிஷின் பரணில் இருக்கிறது.

இது மன்னிப்புக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் தவறு செய்தேன் என்பதற்காக அவள் கல்லீரல் சரியாகிவிடப் போவதில்லை. என்மேல் உள்ள கோபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள். அதைக் குழந்தையின் வைத்தியத்தின் மேல் காட்டாதே. கிளினிக்குக்கு நானே போய் வேறு தேதி கேட்டேன். ஜூன் 28, சனிக்கிழமைதான் கிடைத்தது.

அமுதவல்லி


நெல்லித்தோப்பு
9 ஜூன் 2025

அண்ணிக்கு வணக்கம்.

கவிநிலா வெள்ளிக்கிழமை வயசுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் நடந்திருக்கிறது. டீச்சர் போன் செய்து, நான் ஓடிப்போய் அழைத்துவந்தேன். அடிபட்டதாக நினைத்து அழுதுகொண்டிருந்தாள். இத்தனை சீக்கிரமா என்று எனக்கே இருந்தது. ஆனால் தெருவில் எல்லோரும் சர்க்கரை கேட்டு வந்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

22ஆம் தேதி ஞாயிறு மஞ்சள் நீராட்டு. காலையில் வீட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு, பத்து மணிக்கு மண்டபம். தாய்மாமன் சீர் என் தம்பி விஜய் கொண்டுவருகிறான். முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியது அத்தை. கூடப்பிறந்த அத்தை நீங்கள்தான். உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு, நீங்கள் ஊற்ற எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெரியப்பா மகள் பாக்கியலட்சுமி அக்கா ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்டபத்தில் அத்தை சீர்த்தட்டு உங்களுடையதுதான். அதில் யாருக்கும் பேச்சில்லை.

என் அம்மா வந்திருக்கிறாள். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு உளுந்தங்களியும் கொடுக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு தட்டில் பலகாரம் கொண்டுவருகிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்குப் பிள்ளை பெறப்போகும் இடுப்புக்குப் பலம் வேண்டாமா? அவசியம் வாருங்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசாதீர்கள்.

செந்தமிழ்ச்செல்வி


புதுச்சேரி
12 ஜூன் 2025

செல்விக்கு,

ஒதுங்கி நிற்பதற்கு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு இதோடு போகட்டும்.

களியைப் பற்றி நிர்மலாவிடம் போனில் கேட்டேன். நிறுத்தச் சொல்வாள், அதை அப்படியே உனக்கு எழுதலாம் என்றுதான் கேட்டேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "களி நல்லதுதாம்மா. சின்ன உருண்டையா, வெல்லமும் எண்ணெயும் கம்மியா குடுக்கட்டும். பச்ச முட்ட வேணாம், அவிச்சிக் குடுங்க. களிக்கு மேல சோறு, சோத்துக்கு மேல பலகாரம்னு போறதுதான் தப்பு. அதவிட, புள்ளைய பதினாறு நாளு மூலையில ஒக்கார வெக்கிறாங்களே, அத மொதல்ல மாத்துங்க." பத்து வயதில் வருவது பயப்படும்படியான விஷயம் அல்ல, ஆனால் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும் என்றாள்.

ஆகவே 28ஆம் தேதி நீங்கள் வந்தே ஆக வேண்டும். வருவதாக எனக்கு எழுதிக் கொடு. வாய் வார்த்தை போதாது, தம்பி எனக்குக் கொடுத்த வாய் வார்த்தைகள் ஏராளம். நீ எழுதிக் கொடுக்காவிட்டால், மண்டபத்தில் நான் சீர்த்தட்டு வைக்கும் நேரத்தில், உன் தம்பிக்கும் உன் உறவினர் எல்லோருக்கும் கேட்கும்படி குழந்தையின் ரிப்போர்ட்டைப் படிப்பேன். என் குரல் இன்னும் கடைசி வரிசை வரை போகும்.

அமுதவல்லி


நெல்லித்தோப்பு
15 ஜூன் 2025

அண்ணிக்கு,

எடையைச் சுமலதாவுக்குப் படித்தீர்கள். இப்போது மண்டபத்துக்கே படிக்கப் போகிறீர்கள். நீங்கள் படிக்கும்போது அவள் பட்டுப்புடவையோடு அந்த மேடையில் உட்கார்ந்திருப்பாள். கடைசி வரிசை வரை போகும் குரல் முதலில் அவள் காதுக்குத்தான் போகும். இதை யோசித்தீர்களா? இவரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, வழக்கம்போல, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் எதையும் எழுதிக் கொடுக்க மாட்டேன். நீங்கள் விசேஷத்துக்கு வர வேண்டாம்.

நேற்று எல்லோரும் போன பிறகு இரண்டு கண்ணாடி வைத்து என் பின்கழுத்தைப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கிறது. எங்கள் வீட்டு நிறமே அப்படி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இதை உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செல்வி


நெல்லித்தோப்பு
23 ஜூன் 2025

அண்ணிக்கு வணக்கம்.

நேற்று நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. முன்னறையில் ஆண்களுக்கு நடுவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வந்த வேலையை விட்டுவிட்டுப் பின்கட்டுக்கே திரும்பிவிட்டேன். அந்தப் பைக்குள் ரிப்போர்ட் இருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்களும் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பின்கட்டில் புடவைகளைத் திரையாகக் கட்டி, மனைப்பலகை போட்டுக் கவிநிலாவை உட்கார வைத்தோம். மஞ்சள் பூசும்போது பாக்கியலட்சுமி அக்கா அவள் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாடி செல்வி, கழுத்து இப்படிக் கெடக்கு? போட்டோவுல கருப்பா வுழும். நாரு எடு, நல்லா தேய்ச்சி வுட்டுடுவோம்" என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி, "ஆரம் போட்டா மறைஞ்சிடும் வுடுக்கா. மொதல்ல கழுத்து எங்க இருக்குன்னு தேடணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கேலி செய்வது அங்கே வழக்கம்தானே, நானும் சிரித்தேன்.

நார் வந்ததும் கவிநிலா இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். தொடாதீங்க என்றாள். அம்மா அவள் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் இன்னொரு கையைப் பிடித்தேன். ஆமாம் அண்ணி, நானேதான். அவள் கழுத்தைப் பார்த்து உங்கள்மேல் அவ்வளவு கோபப்பட்ட நானேதான்.

அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அத்தய கூப்புடு. அத்த ஊத்தட்டும். அவங்களுக்குத்தான் இது அழுக்கு இல்லன்னு தெரியும்."

பாக்கியலட்சுமி அக்கா, "அவங்க ஊத்தலாமா பாப்பா? தெரிஞ்சிதான் பேசுறியா?" என்றார்கள். அம்மா என்னை முறைத்தாள். கவிநிலா கையை என்னிடமிருந்து உருவிக்கொண்டாள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் முன்னறைக்கு வந்து உங்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சொம்பை வாங்கி, தோள் வழியாக ஊற்றினீர்கள். கழுத்தில் உங்கள் விரல் படவே இல்லை. அதுவரை நான் பார்க்காத மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள், உடம்பை இறுக்காமல்.

வீட்டில் இப்போது நல்ல பேச்சு இல்லை. அம்மா மண்டபத்திலிருந்து நேராக ஊருக்குப் போய்விட்டாள். பாக்கியலட்சுமி அக்கா சாப்பிடாமல் போனார்கள். இந்தப் பெண்ணுக்கு இனி எது நடந்தாலும் அந்தத் தண்ணீரைத்தான் சொல்வார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, இல்லை என்று பொய் எழுத மாட்டேன். உங்கள் தம்பி மட்டும் இன்று காலையில் தானாகவே, போண்டா வாங்குவதை நிறுத்திவிடுகிறேன், மூன்று பேரும் சாயங்காலம் கடற்கரை வரை போய் நடக்கலாம் என்றார். அவர் இத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

28ஆம் தேதி வருகிறோம். நானும் அவரும் எங்களுக்கும் ரத்தம் பார்த்துக்கொள்கிறோம். கவிநிலாவும் சம்மதித்துவிட்டாள். ஆனால் இரண்டு விஷயம் சொல்கிறாள். அத்தை கூட வர வேண்டும். எடை பார்க்கும்போது அத்தை வெளியே இருக்க வேண்டும். நீங்கள் கோபித்துக்கொள்வீர்களோ என்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

மண்டபத்துக்கு ஏன் வரவில்லை? அந்தப் பையில் ரிப்போர்ட் இருந்ததா?

செல்வி


புதுச்சேரி
25 ஜூன் 2025

செல்விக்கு,

இருந்தது. படிப்பதற்காகத்தான் வந்தேன். நீ வர வேண்டாம் என்று எழுதியதால் இன்னும் உறுதியாக வந்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் பற்றி இல்லாத நல்லதை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நீ முன்னறைக்கு வந்தபோது என்னை வெளியே போகச் சொல்லத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். உள்ளே வாருங்கள் என்று சொன்னதும் அந்தப் பதில் எதற்கும் உதவவில்லை. அதனால்தான் ஏன் என்று கேட்கவில்லை.

மண்டபத்துக்கு வராததற்குக் காரணம் கோபம் அல்ல. சேலை நனைந்துவிட்டது. நனைந்த சேலையோடு நான் மேடை ஏறுவதில்லை. சீர்த்தட்டு இங்கேயே இருக்கிறது, தம்பியை வந்து எடுத்துக்கொள்ளச் சொல். அதில் இனிப்பு வைக்கவில்லை என்று யாரும் குறை சொன்னால் என்னிடம் அனுப்பு.

தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசட்டும். அவளுக்குச் சளி பிடித்தாலும் என் கையைத்தான் சொல்வார்கள். உனக்குப் பயம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குள்ள பயம் கல்லீரலைப் பற்றியது, நீயும் அதைப் பற்றியே பயப்படு. உன் அம்மாவைச் சமாதானப்படுத்த நான் வேண்டுமானால் எழுதுகிறேன். எழுதாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தால் அதையும் சொல்.

குழந்தை சொன்ன இரண்டுக்கும் சம்மதம். சனிக்கிழமை காலை கிளினிக் வாசலில் இருப்பேன். அவளை எடை பார்க்கும்போது வெளியே இருப்பேன். நிர்மலா உள்ளே என்ன சொன்னாள் என்று கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்குக் கடினம்தான், இருந்தாலும் கேட்க மாட்டேன்.

அவள் வெளியே வந்ததும் என்ன பேசுவது என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. நகம் வெட்டினாயா, எவ்வளவு சாப்பிட்டாய், எடை எவ்வளவு என்பதைத் தவிர அந்தப் பெண்ணிடம் நான் இதுவரை எதுவுமே பேசியதில்லை போலிருக்கிறது. சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் கவிநிலாவுக்கு என்ன பிடிக்கும்? சனிக்கிழமைக்குள் தம்பியிடம் எழுதிக் கொடுத்து அனுப்பு.

அமுதவல்லி